தங்கபுஷ்பம் மைனி உட்கார்ந்து பார்த்த படிக்கட்டு

மும்பை வடாலாவில் ஒரு புது டவரின் நாலாவது மாடி. வீட்டுக்குள் புரோக்கர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். குளியலறைச் சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ். நான் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன். திரும்பினால் மைனியைக் காணோம்.

வெளியே வந்து தேடினேன். லிஃப்டுக்கு எதிரே இருந்த படிக்கட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

“என்ன மைனி, வீட்டப் பாக்க வந்துட்டு இங்கன உக்காந்திருக்கீய?”

“வீட்ட நீ பாரு. நான் இதப் பாக்குதேன்.”

“இதுல பாக்கதுக்கு என்ன இருக்கு?”

“அதான் எனக்கும் தெரியல. வந்ததுலருந்து ஒரு சனம் என்னய ‘நீ யாரு’ன்னு கேக்கலட்டி.”

எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு பையன் வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி லிஃப்டுக்குள் போனான். மைனி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

மைனி இப்போது எங்கே?

போன வாரம் எங்கள் தாராவித் தெருவின் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களில் சிலர், “குடத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்ட அந்தத் தங்கபுஷ்பம் மைனி இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டிருந்தார்கள். நவி மும்பையில், ஐரோலியில் நன்றாக இருக்கிறார். அங்கே போகும்முன் எங்களைப் படுத்திய பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

மைனி என் கணவருக்கு அக்கா. எங்கள் பக்கம், திருநெல்வேலிக்குத் தெற்கே, நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். தாராவியில் மூன்று மாடிச் சால் ஒன்றில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். சால் என்றால் நீளமான ஒரு பொது நடை, அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், கடைசியில் பொதுக் கக்கூஸ். எங்களுக்கு அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றில் மைனியும் அவர் மகனும், மற்றதில் நாங்கள் மூன்று பேர்.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்குத் தோல்பைப் பட்டறையில் வேலை. எங்கள் மகள் நான்சி பள்ளிக்கூடம் விட்டு மூன்றரைக்கு வந்துவிடுவாள். நான் வீட்டுக்கு வர ஏழாகும், அவர் வர இன்னும் நேரமாகும். இடைப்பட்ட பொழுதெல்லாம் நான்சிக்கு அவள் அத்தைதான். மைனி வீட்டில் இருந்தபடியே பைகளுக்கு ஜிப் தைத்துக் கொடுப்பார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் பிள்ளை கதவைத் திறக்கிற சத்தம் அவர் காதில் விழுந்துவிடும்.

பிறகு எங்கள் சால் கட்டடத்தை இடித்துவிட்டு டவர் கட்டப்போவதாக முடிவாயிற்று. புது வீடு தயாராகும்வரை பில்டர் மாத வாடகை கொடுப்பார், நாமே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னால் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். மைனியின் மகன் வேலை பார்க்கிற இடம் ஐரோலி. அவன் அங்கேயே வீடு பார்த்துவிட்டான், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

ஆக, நான்சி இனிமேல் மூன்றரையிலிருந்து ஏழு வரை தனியாக இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரே கவலை அதுதான். மைனிக்கு ராத்திரித் தூக்கமே போய்விட்டது.

“நான் இல்லாத வீட்ட நான்தான் பாப்பேன்” என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

குக்கர் கள்ளன்

மைனி எதற்காகப் படிக்கட்டில் உட்கார்ந்தார் என்று புரிய வேண்டுமானால் எங்கள் சால் கட்டடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள்.

கல்யாணமாகி நான் முதன்முதலாக அந்தப் படியில் ஏறிய அன்று, டிரங்குப் பெட்டியோடு மாடிக்குப் போவதற்குள் என் ஊர், அப்பா பெயர், என்ன படித்திருக்கிறேன், பல்லில் ஏன் இடைவெளி என்பதுவரை விசாரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் இப்படி எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறார்கள் என்று என் கணவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார்.

சில வருஷம் கழித்து ஒரு பகல் வேளையில் எங்கள் அறைக்குள் ஒருத்தன் புகுந்துவிட்டான். நான் வேலையில் இருந்தேன், மைனி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். எடுக்க வேறு எதுவும் இல்லாததால் குக்கரை எடுத்துக்கொண்டு படியிறங்கியிருக்கிறான். இரண்டாவது மாடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா தலையைக்கூடத் தூக்காமல் கேட்டிருக்கிறாள்.

“அண்ணாச்சி, ஜெயா வீட்டுக் குக்கர எங்கன கொண்டு போறீய?”

அவனும் சளைக்காமல், “கேஸ்கட் மாத்தணும்னு குடுத்தாங்க” என்றானாம்.

“அவ போன வாரந்தானே மாத்துனா?”

அவ்வளவுதான். குக்கரைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடியே போனான். சாயங்காலம் நான் வந்து விசாரித்தால், ஆளாளுக்கு அவன் எப்படி ஓடினான் என்று நடித்துக் காட்டினார்கள். அந்தக் குக்கரில்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சோறு வேகிறது.

மாட்டுங்காவில் குடித்த காபி

வடாலாவுக்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு வீடு பார்த்தோம். பழைய கட்டடம், அகலமான மரக் கைப்பிடி வைத்த படிக்கட்டு. வாசலில் கோலம், உள்ளேயிருந்து காபி வாசனை. வீட்டுக்கார அம்மா எங்களை உட்காரவைத்து டபராவில் காபி கொடுத்தார். பார்த்தாலே மரியாதை தோன்றுகிற முகம்.

“திருநெல்வேலில எங்கே?” என்றார்.

“டவுன் இல்லம்மா. கடக்கரைப் பக்கம்” என்றார் மைனி.

“ஓ. ஆத்துல சாப்பாடெல்லாம் எப்படி?”

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று புரோக்கர் டாக்சியிலேயே இரண்டு தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். நான் மைனியின் முழங்கையை லேசாக இடித்தேன்.

“குறையொண்ணுமில்ல. இவளுக்கு மீனு இல்லாட்டா சோறு எறங்காது” என்றார் மைனி, என்னைக் காட்டி.

அந்த அம்மா முகம் மாறவில்லை. “தப்பா எடுத்துக்கப்படாது. பில்டிங்ல எல்லாரும் ஒரு மாதிரிப் பழகிட்டா” என்றார். நாங்கள் காபியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டுக் கிளம்பினோம்.

“காப்பி அருமை. வீடுதான் இல்ல” என்றார் மைனி, படியிறங்கும்போது.

எனக்குக் கோபம். “அவியளும் கேள்விதானே கேட்டாவ? கேள்வி கேக்க இடமா வேணும்னுதானே நீங்க தேடுதீய?”

“அது நம்மள வெளிய நிறுத்ததுக்குக் கேட்டது. நான் தேடுதது உள்ள இருக்க பிள்ளைக்காகக் கேக்கத.”

புரோக்கர் மூன்று நாள் போனை எடுக்கவில்லை.

ஏழாவது மாடி வேலை

இப்போது மறுபடி வடாலா டவருக்கு வருவோம். மைனியைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு நான் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். கீழே மோனோ ரயில் ஊர்ந்தது. காற்று அப்படி வந்தது. வாட்ச்மேன் உண்டு, கேமரா உண்டு, இன்டர்காம் உண்டு. பில்டர் கொடுக்கிற வாடகைக்குள் அடங்கும். இதற்குமேல் என்ன வேண்டும்? மூன்று பேருக்கு மட்டுமேயான ஒரு குளியலறை! காலையில் பக்கெட்டோடு வரிசையில் நிற்காமல் குளித்துவிட்டு வேலைக்குப் போவதை நினைத்தே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வெளியே வந்தால் மறுபடியும் மைனியைக் காணோம். வாட்ச்மேனைக் கேட்டால் தெரியாது என்றான். நானும் புரோக்கரும் மாடி மாடியாகத் தேடிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் திறந்து மைனி இறங்கினார்.

நடந்தது இதுதான். லிஃப்டில் வந்த ஒரு பெண், கையில் பையும் வெள்ளைத் தலையுமாக உட்கார்ந்திருந்த மைனியைப் பார்த்து, “சமையல் வேலைக்கா வந்தீங்க? ஏழாவது மாடியில் கேட்டாங்க” என்று இந்தியில் சொல்லியிருக்கிறாள். வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். மைனி நேராக ஏழாவது மாடிக்குப் போய், உட்கார்ந்து, என்ன சமைக்க வேண்டும் என்று சாவகாசமாக விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

“நல்ல பொம்பளட்டி. ஏலக்கா போட்டு சாயா குடுத்தா. வெள்ளிக்கிழமேலருந்து வான்னா.”

“மைனி!”

“இரு. பக்கத்து வீட்டுல யாரு இருக்காவன்னு கேட்டேன். ‘கோயி ஃபேமிலி ஹை’ன்னா. யாரோ ஒரு குடும்பமாம். அவ குடிவந்து மூணு வருசமாச்சுதாம். எங்க நான்சி இங்க வேண்டாம்.”

அன்றைக்கு ரயிலில் அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். “நீங்க ஐரோலிக்குப் போயிருவீய. நாங்கதான் அங்க குடியிருக்கப் போறோம். எங்களுக்கு ஒரு நல்ல குளிப்பறை கெடைக்கக் கூடாதா?” என்றேன். மைனி மெஷினுக்கு நூல் கோத்தார். என் கணவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சண்டை வந்தால் அவர் எப்போதும் பான் கடைக்குத்தான் போவார்.

கழுத்தில் சாவி

நான் விட்டேனா! மைனிக்குச் சொல்லாமல், வடாலா வீட்டுக்கு டோக்கன் முன்பணம் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் அரை லீவு போட்டுவிட்டுப் போனேன். புரோக்கர் வரத் தாமதமாயிற்று. நாலாவது மாடியில் காத்திருந்தேன். நிற்கக் கால் வலித்ததால், மைனி உட்கார்ந்த அதே படியிலேயே உட்கார்ந்தேன்.

லிஃப்ட் திறந்தது. நான்சி வயசுப் பெண் ஒருத்தி, யூனிஃபார்மும் புத்தகப் பையுமாக. கழுத்தில் கயிற்றில் சாவி. எதிர்வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகினாள். திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டாள். அவள் உதடு துடிக்க ஆரம்பித்தது.

நான் எழுந்து போய்ச் சாவியை வாங்கி, கதவை என் பக்கமாக இழுத்துப் பிடித்துத் திருப்பினேன். கதவு திறந்துகொண்டது. உள்ளே சோபா, டி.வி., மின்விசிறிக்குக் கீழே ஆடுகிற துணிகள். ஆள் யாருமில்லை.

“தேங்க்யூ ஆன்ட்டி. உள்ளே வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று இந்தியில் சொன்னாள். நன்றாக வளர்ந்த பிள்ளை.

நான் அந்த வாசலில் நின்றேன். என் கையில் அவர்கள் வீட்டுச் சாவி. நான் யாரென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, அந்த மாடியில் யாருக்கும் தெரியாது. கேமரா மட்டும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சாவியை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டு, “யாரையும் உள்ளே கூப்பிடாதே கண்ணு, கதவைச் சாத்திக்கோ” என்றேன். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு, புரோக்கருக்கு வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

டவர் என்றாலே இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. கோவண்டிப் பக்கம் பெரிய கட்டடத்தில் இருக்கிற என் தோழி வீட்டில் மாடிக்கு மாடி குழம்புக் கிண்ணம் ஏறி இறங்கும். ஆனால் அன்று நான் பார்த்த மாடி இதுதான்.

வீட்டுக்குப் போய், “வடாலா வேண்டாம் மைனி” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தட்டில் எனக்குச் சோறு போட்டுவிட்டு, பொரித்த மீனில் பெரிய துண்டை எடுத்து வைத்தார்.

பூட்டிக் கிடந்த கீழ்வீடு

கடைசியில் செம்பூரில் ஒன்று கிடைத்தது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடம். வெளிச்சுவரில் காரை பெயர்ந்திருந்தாலும் தூண்களைப் போன வருஷந்தான் பலப்படுத்தியிருந்தார்கள். மைனி முதல் படியில் கால் வைத்ததும் மேலேயிருந்து குரல் வந்தது. முதல் மாடியில் பனியனோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிந்திக்காரப் பெரியவர்.

“யாரு? எந்த வீட்டுக்கு?”

மைனியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அங்கேயே நின்று, தாராவி முதல் ஐரோலி வரை மொத்தக் கதையையும் தன் பம்பாய் இந்தியில் சொன்னார். மீன் சாப்பிடுவதையும் சொன்னார். “யாரு சாப்பிடல?” என்றார் அந்தப் பெரியவர். நாங்கள் மூன்றாவது மாடியில் வீட்டைப் பார்க்கிறபோதே மைனி மனசுக்குள் பால் காய்ச்சிவிட்டார். குளியலறையில் டைல்ஸ் இல்லை, குழாய் ஒழுகியது. ஆனால் அது எங்களுக்கு மட்டுமான குளியலறை.

இறங்கும்போது தரைத்தள வீட்டைக் கவனித்தார். படிக்கட்டை ஒட்டிய கதவு. பெரிய பூட்டு.

“இங்க யாரு?”

“தையல் தைக்கிற மராட்டி அம்மா. ஊருக்குப் போயிருக்காங்க” என்றார் வீட்டுக்காரர்.

“மேல போற ஆளெல்லாம் இவ வாசலத் தாண்டித்தான் போவணும். அந்தப் பெரியவரு மத்தியானம் தூங்கிருவாரு. இவ எப்படிப்பட்டவளோ?” என்றார் மைனி. மழை நெருங்கிவிட்டதால் அது தெரியாமலேயே வீட்டை முடித்தோம்.

காலி செய்கிற நாளில் இரண்டு டெம்போக்கள் வந்தன. ஒன்று செம்பூருக்கு, ஒன்று ஐரோலிக்கு. தையல் மெஷினை ஏற்றும்போது நான்சி அதன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மைனி அழவில்லை. “கீழ்வீட்டுக்காரி வந்ததும் எனக்குச் சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் என் போன் அடிக்கும். “நான்சி வந்துட்டாளா?” இதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. கீழ்வீட்டு ஷாலினி தாயி (மராட்டியில் தாயி என்றால் அக்கா) ஊரிலிருந்து வந்தபிறகும் அது நிற்கவில்லை. நல்ல மாதிரித்தான் தெரிகிறது மைனி என்று சொல்லிப் பார்த்தேன். “தெரியுதது வேற, இருக்கது வேற” என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலி

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். குடையை உதறிக்கொண்டு வாசலுக்கு வந்தால், ஷாலினி தாயி வீட்டுக் கதவு முழுசாகத் திறந்திருக்கிறது. படிக்கட்டை மறித்தாற்போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில், காலடியில் நனைந்த பையோடு, தங்கபுஷ்பம் மைனி!

“எப்ப வந்தீய? ஏன் இங்கன இருக்கீய? நான்சி மேலதானே இருக்கா?”

“என்னய மேல விடமாட்டேங்காட்டி!”

ஷாலினி தாயி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். “நீங்க போன் எடுக்கலை. பொண்ணு தனியா இருக்கா. நீங்க வராம நான் யாரையும் மேலே அனுப்பமாட்டேன்” என்றார் இந்தியில், கொஞ்சம் விறைப்பாகவே. ரயிலில் பைக்குள் கிடந்த போனை நான் பார்த்திருக்கவில்லை.

“அத்தைன்னு சொன்னேன். அத்தைன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம்னா. பலகாரம் கொண்டாந்திருக்கேன்னேன். இங்க குடுங்க, நான் குடுக்கேன்னா. சாயா போட்டுக் குடுத்தா, துண்டு குடுத்தா, எழும்ப மட்டும் விடல!”

“நான்சிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே மைனி? ஓடி வந்திருப்பாளே.”

“போடல. எம்புட்டு நேரம் பிடிச்சு வைக்கான்னு பாத்தேன்.”

நிஜமாகவே அத்தைதான் என்று நான் சொன்னதும் ஷாலினி தாயி நாக்கைக் கடித்துக்கொண்டு மைனியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். மைனி அந்தக் கையை விடவில்லை. “சாரி மத் போலோ. ஐஸா ஹீ கரோ” என்றார். மன்னிப்பெல்லாம் கேட்காதே, இப்படியே செய். அப்போதுதான் அவர் கண் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். காலி செய்த அன்றைக்கு வராத கண்ணீர்.

மாடியேறும்போது ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். முழங்கால் வலியா என்று கேட்டேன். அவர் திரும்பிக் கீழ்வீட்டு வாசலைப் பார்த்தார். மேலே போனதும் நான்சி கத்திக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். முந்திரிக்கொத்து மழையில் நனைந்து பாதி கரைந்திருந்தது. அப்படியே தின்றோம், கீழேயும் ஒரு தட்டு போயிற்று.

மறுநாள் நாலு மணிக்கு மைனியின் போன் வரவில்லை. நாலே கால் ஆயிற்று. பொறுக்க முடியாமல் நானே போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் தட்டியது. ஒருவழியாக எடுத்தார்.

“மைனி, என்னாச்சு? நாலு மணிக்கு நீங்க போனே போடலியே?”

அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி.

“கண்ணசந்துட்டேன்ட்டி” என்றார்.